ஏழாம் பதிவு

சோபியா
2023 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை, மாலை 4 மணி 20 நிமிடம்.
இதுவரை உனக்கு எழுதிய கடிதங்கள்: நான்கு. பிரிக்காமல் திரும்பி வந்தவை: நான்கு.

அக்கா,

இது ஐந்தாவது. என் கையெழுத்தைப் பார்த்தாலே தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறாய் என்பதால் முகவரியை அச்சடித்து ஒட்டியிருக்கிறேன். போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். வேறு வழி இல்லை.

நேராகச் சொல்கிறேன். அத்தான் இறந்ததற்கு என் அறிக்கை காரணம் இல்லை. நீ அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மே 9 அன்று நான் சோபியாவிலிருந்து உன் ஊர் ரூசேக்கு வந்தேன். அத்தான் வேலை பார்த்த தண்ணீர் நிலையத்து டைரக்டர் சொன்னது இவ்வளவுதான்: "நாலாம் நம்பர் பம்ப் முனகுது. பழசு. எந்த இடத்துல கோளாறுன்னு மட்டும் காட்டுங்க." என்னிடம் ஒரு சதுரச் சட்டம், அதில் 64 மைக். ஒன்று வேலை செய்யவில்லை, ஆக 63. சட்டத்தை நாலாம் பம்பின் முன்னால் நிறுத்திப் பதிவு செய்தேன்.

பிறகு கணக்கு. உனக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். சத்தம் மைக்கில் எப்படி விழுந்தது என்று தெரியும், எங்கே பிறந்தது என்று தெரியாது. அதனால் பம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத குட்டி ஒலிபெருக்கிகள் இருநூறு இருப்பதாக வைத்துக்கொள்கிறோம். பொய்தான், ஆனால் உபயோகமான பொய். ஒவ்வொன்றும் எவ்வளவு சத்தம் போட்டால் 63 மைக்கும் கேட்டதையே கேட்டிருக்கும் என்று கணக்குப் போடுகிறோம். விடை கிடைத்தால், மைக் இல்லாத இடத்தில்கூட சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று வரைந்துவிடலாம். வரைந்தேன். நாலாம் பம்பின் பேரிங் மேல் ஒரு சிவப்புத் திட்டு. கணக்குக்கும் அளவுக்கும் வித்தியாசம் நான்கு சதவீதம். எங்கள் தொழிலில் அது நல்ல எண்.

நாலைப் பிரித்துப் போட்டார்கள். அதன் சுமையையும் மூன்றாம் பம்ப் இழுத்தது. ஜூன் 6 அன்று மூன்றை மோட்டாரோடு இணைக்கும் கப்ளிங் உடைந்து சிதறியபோது அத்தான் பக்கத்தில் நின்றிருந்தார். மூன்றை அளக்கும்படி என்னிடம் யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று. அத்தானின் நாற்பதாம் நாள் சடங்கு எப்போது, எங்கே என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உன் வீட்டுக் கதவில் ஒட்டிய இரங்கல் தாளைப் பக்கத்து வீட்டு ராட்கா படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். "துயரத்தில்: மனைவி, தாய், நண்பர்கள்." மைத்துனனைக் காணோம். உன் கல்யாணத்தன்று, பெண்ணின் தம்பி செய்ய வேண்டிய சம்பிரதாயப்படி, வாசலை மறித்துக்கொண்டு அத்தானை அரை மணி நேரம் வெளியே நிறுத்தியவன் நான். அந்தத் தாளில் ஒரு சொல்லுக்குக்கூடவா இடமில்லை?

விசாரணைக் குழு அக்டோபர் 26 அன்று என்னையும் கூப்பிட்டிருக்கிறது. அதற்கு முன் நீ என்னோடு பேச வேண்டும்.

யாவோர்


ரூசே
செப்டம்பர் 2

யாவோர்,

விசாரணைக் குழுவின் கடிதம் என்று நினைத்துப் பிரித்துவிட்டேன். நன்றாக ஏமாற்றினாய்.

கடைசி நிறுத்தத்தில் டிராலிபஸ்ஸை நிறுத்திவிட்டு, எனக்குக் கிடைக்கிற பதினொரு நிமிடத்தில் படித்தேன். "எங்கள் தொழிலில் அது நல்ல எண்" என்ற வரி வரைக்கும் வந்தேன். பிறகு வண்டியை எடுத்தேன். இரண்டு நிறுத்தங்களில் நிற்கவே இல்லை, எனக்குத் தெரியவும் இல்லை. தர்பூசணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர், "ஏம்மா, இறங்கணும்னா ஜன்னல் வழியா குதிக்கணுமா?" என்று கத்தியதும்தான் பிரேக்கில் கால் வைத்தேன். பன்னிரண்டு வருஷத்தில் எனக்கு இப்படி நடந்ததில்லை.

குழுவின் முதல் குறிப்பு வந்திருக்கிறது. அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன், நீயும் படி: "மூன்றாம் பம்பில் கோளாறு இருப்பது ஷிப்ட் பொறுப்பாளர் ஒக்னியானுக்குத் தெரிந்திருந்தது. பதிவேட்டில் எழுதவில்லை. யாருக்கும் தெரிவிக்கவில்லை." சாட்சி சொன்னது அவரோடு வேலை பார்த்த இரண்டு பிட்டர்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை மூன்றாம் பம்பில் ஊன்றி, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு நிற்பாராம். நின்றுவிட்டுத் திட்டுவாராம்.

டைரக்டர் உன் காகிதத்தை ஆட்டிக் காட்டுகிறார். "ஹால்ல வேற எங்கயும் கோளாறு இல்லைன்னு இன்ஜினியரே எழுதிக் குடுத்துட்டாரு. தப்புன்னு தெரிஞ்சவன் வாயைத் திறந்திருக்கணும்ல?" என்கிறார். மூன்றை அளக்கவே இல்லை என்கிறாய். அப்புறம் அந்த வரி எங்கிருந்து வந்தது?

மாமியார் தினமும் ஒரே கேள்வி கேட்கிறார். "என் பிள்ளை கடமை தவறிச் செத்தான்னு தாள் அடிச்சு ஒட்டுவாங்களா?"

உன்னிடம் எனக்கு ஒரே கேள்விதான். அன்றைக்கு அவர் மூன்றாம் பம்பைப் பற்றி உன்னிடம் ஏதாவது சொன்னாரா? ஆம், அல்லது இல்லை. படம் வேண்டாம், சதவீதம் வேண்டாம்.

ஸோர்னிட்சா


சோபியா
செப்டம்பர் 7, மதியம் 1 மணி

அக்கா,

இல்லை.

நீ கேட்டது ஒரு சொல். ஆனால் அந்த வரியைப் பற்றியும் கேட்டிருக்கிறாய், அதற்கும் பதில் சொல்கிறேன். அது எனக்குத் தனியாகக் கிடைத்த முதல் வேலை. அறிக்கை இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது. மெலிந்து தெரிந்தது. "ஹாலில் வேறு எங்கும் குறிப்பிடத்தக்க கோளாறு இல்லை" என்று ஒரு வரி சேர்த்தேன். சட்டம் ஹாலின் நடுவில் நின்றது, எல்லாச் சத்தமும் அதில் விழுந்தது, சிவப்பு ஓர் இடத்தில்தான் வந்தது. அதனால் அப்படி எழுதலாம் என்று நினைத்தேன். எழுதியிருக்கக் கூடாது. யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை.

அத்தான் அன்று என்னிடம் பேசியது காலையில் காபி குடித்தபோது மட்டும்தான். "வாங்க புரொபசர், உங்க மீன்வலையைக் கொண்டாந்துட்டீங்களா?" என்றார். சட்டத்துக்கு அவர் வைத்த பெயர் மீன்வலை. ஹாலுக்குள் போனபிறகு ஆளுக்கு ஒரு காதுமூடி. உள்ளே பக்கத்தில் நின்று கத்தினால்கூடக் கேட்காது, உனக்கே தெரியும்.

ஏழாம் பதிவின்போது மட்டும் எனக்குப் பின்னால் அவர் வாய் அசைந்தது. திரும்பிப் பார்த்துவிட்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். பதிவு ஓடும்போது யாரும் பேசக் கூடாது, பேசினால் அந்தப் பதிவு குப்பை. வெளியே வந்ததும் சொன்னேன்: "அத்தான், உள்ள வாயை மூடிட்டு நிக்கணும், இல்லேன்னா வெளிய நிக்கணும்." சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் சட்டத்தை இன்னும் நெருக்கமாக நகர்த்தி எட்டாம் பதிவை எடுத்தேன். அறிக்கை எட்டாம் பதிவிலிருந்து செய்தது.

ஆக, இல்லை.

யாவோர்


ரூசே
செப்டம்பர் 14

யாவோர்,

நீ எழுதியதை நீயே ஒருமுறை படித்துப் பார்.

"வாய் அசைந்தது" என்று எழுதியிருக்கிறாய். "இல்லை" என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டும் ஒரே காகிதத்தில். சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான். உனக்குக் கேட்கவில்லை என்றால் யாரும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

சும்மா வாயை அசைக்கிற ஆளா அவர்? அந்த ஹாலில், அந்த இரைச்சலில், பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர். அங்கே பேச்சு எடுபடாது என்று தெரிந்தும் பேசியிருக்கிறார் என்றால் எவ்வளவு அவசரமாக இருந்திருக்கும்?

அந்த ஏழாவதைத் தூக்கிப் போட்டுவிட்டாயா? போட்டிருக்க மாட்டாய். பள்ளிக்கூடத்தில் உடைந்த கால்குலேட்டரைக்கூட டப்பாவில் எடுத்து வைத்தவன் நீ. அதை எடுத்துக் கேள்.

அவர் வேலைக்குப் போடும் காலணி இன்னும் கதவோரம் இருக்கிறது. மாமியார் அதை நகர்த்த விடமாட்டேன் என்கிறார். போகவர நான்தான் தடுக்கி விழுகிறேன்.

ஸோ.


சோபியா
செப்டம்பர் 19, காலை 11 மணி 40 நிமிடம்

அக்கா,

ஏழாம் பதிவு இருக்கிறது. நாற்பது வினாடி ஓட வேண்டியது, முப்பத்தொன்றில் நிறுத்தியிருக்கிறேன்.

மைக் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டேன். எல்லாவற்றிலும் பம்ப் இரைச்சல்தான். நடுவில் ஏதோ ஒன்று இருக்கிறது, பேச்சா இருமலா என்றுகூடச் சொல்ல முடியாது.

ஒரு வழி உண்டு. பம்புகளுக்குப் பொய் ஒலிபெருக்கி வைத்த மாதிரி, அவர் வாய் இருந்த இடத்திலும் ஒன்றை வைக்க வேண்டும். அது எவ்வளவு சத்தம் போட்டது என்று கணக்குப் போட்டால் அதுதான் அவர் குரல், இரைச்சல் பம்புகளின் கணக்கில் போய்விடும். சரியான இடத்தில் வைத்தால் பேச்சு வரும். ஒரு சாண் தள்ளி வைத்தால் கரைந்துவிடும். மூன்று நாளாகத் தேடுகிறேன். நான் திரும்பிப் பார்த்தது ஒரு நொடிதான், அவர் எங்கே எப்படி நின்றார் என்று நினைவில்லை. நின்ற மனிதனின் வாய் இருக்க வேண்டிய உயரத்தில் எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டேன். வரவில்லை.

எனக்கு இது தெரிய வேண்டும்: அத்தானின் உயரம் என்ன? வேலைக் காலணியோடு.

யாவோர்


ரூசே
செப்டம்பர் 24

நூற்று எழுபத்தெட்டு என்று சொல்லிக்கொள்வார். சவப்பெட்டிக்கு அளந்தவன் நூற்று எழுபத்தைந்து என்றான். காலணியோடு மூன்று சேர்த்துக்கொள்.

ஆனால் அந்த உயரத்தில் தேடினால் உனக்கு அவர் கிடைக்க மாட்டார். முக்கியமான விஷயம் என்றால் அவர் நிமிர்ந்து சொல்ல மாட்டார். எதைப் பற்றிச் சொல்கிறாரோ அதன் மேல் இடது கையை வைப்பார், குனிவார், தலையை உன் பக்கம் திருப்பிச் சொல்வார். அடுப்பில் வைத்த பானிட்சா ரொட்டி அடிபிடித்துவிட்டது என்று சொல்லக்கூட அடுப்பில் கை வைத்துக் குனிந்துதான் சொல்வார். கை சுட்டுக்கொள்ளும், அப்போதும் அப்படித்தான்.

மூன்றாம் பம்ப் பக்கத்தில் குனிந்து தேடு.

ஸோ.


சோபியா
அக்டோபர் 2, திங்கட்கிழமை, மாலை 5 மணி

அக்கா,

செப்டம்பர் 7 அன்று "இல்லை" என்று எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். பதில்: ஆம்.

தரையிலிருந்து 121 சென்டிமீட்டர் உயரத்தில் கிடைத்தார். மூன்றாம் பம்பின் பேரிங்கிலிருந்து ஒரு கை நீளம். நீ சொன்ன மாதிரியே குனிந்து, கையை அதன் மேல் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார். அந்த இடத்தில் அந்தப் பொய் ஒலிபெருக்கியை வைத்தவுடன் குரல் வந்துவிட்டது. கணினி வேலையை முடிக்க நாலு நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு நான் வெளியே போய் உட்கார்ந்திருந்தேன், எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

அவர் சொன்னது, ஒரு சொல்லும் மாற்றாமல்:

"புரொபசர், நாலை விட்ரா. இங்க வா, மூணுதான் முனகுது. கை வெச்சுப் பாரு, பல்வலிக்காரன் தாடை மாதிரி துடிக்குது. ஏய், உன் வலைக்கு முதுகுப்பக்கமும் காது இருக்காடா? இருந்தா அதுல எழுதிக்க: மூணு."

அப்போதுதான் நான் திரும்பியிருக்கிறேன். விரலை உதட்டில் வைத்திருக்கிறேன். அதற்கு அவர்: "சரி சரி, மூடிட்டேன்."

பதினாலு வினாடி.

வலைக்கு முதுகுப்பக்கம் காது இருக்கிறதா என்று கேட்டாரே, அதுதான் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இருக்கிறது. அதுதான் சிக்கல். மைக் எல்லாம் ஒரே தளத்தில் இருந்தால் முன்னாலிருந்து வரும் சத்தமும் பின்னாலிருந்து வரும் சத்தமும் அதற்கு ஒன்றுதான், கண்ணாடியில் இடம் வலம் தெரியாத மாதிரி. மூன்றும் நாலும் எதிரெதிரே நிற்கின்றன. நான் நடுவில் சட்டத்தை வைத்து, பொய் ஒலிபெருக்கி இருநூறையும் நாலாம் பம்புக்குள் மட்டும் வைத்தேன். மூன்றின் முனகல் எங்கே போகும்? கணக்குக்கு நான் விட்டுவைத்த இடம் நாலு மட்டும்தான். அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டது. நான்கு சதவீத வித்தியாசத்தோடு, அழகாக.

அவர் குரலைத் தேடியபோது எனக்கு இந்தக் குழப்பம் வரவில்லை. கணக்கு அப்போதும் இரண்டு இடம் காட்டியது, ஒன்று முன்னால், ஒன்று பின்னால். முன்னால் என்றால் அவர் நாலாம் பம்பின் இரும்புக்குள் நின்றிருக்க வேண்டும். இரும்புக்குள் மனிதன் நிற்க மாட்டான், அதனால் பின்னால் என்று உடனே தெரிந்தது. முனகலுக்கு அப்படி யோசிக்கவில்லை. நாலுதான் முனகுகிறது என்று நம்பினேன், டைரக்டர் சொன்ன பம்ப் அது.

பிறகு ஏழையும் எட்டையும் சேர்த்துப் பார்த்தேன். ஏழாம் பதிவுக்குப் பிறகு சட்டத்தை இருபத்தைந்து சென்டிமீட்டர் நாலை நோக்கி நகர்த்தியிருந்தேன். ஓரத்தில், சட்டத்தோடு சேராத ஒரு தனி மைக் அசையாமல் இருந்தது, அதை வைத்து ஒப்பிடலாம். முனகல் நாலிலிருந்து வந்திருந்தால் எட்டாம் பதிவில் முந்தி வந்திருக்க வேண்டும். பிந்தி வந்திருக்கிறது. மூன்றிலிருந்துதான் வந்தது. சந்தேகமே இல்லை.

ஏழை நான் தூக்கிப் போடாமல் அன்றைக்கே எட்டோடு சேர்த்துப் பார்த்திருந்தால் மே மாதமே தெரிந்திருக்கும். அதை ஏன் ஒதுக்கினேன் என்றால், அவர் பேசினார் என்பதற்காக.

பென் டிரைவ் உள்ளே இருக்கிறது. கேட்பதும் கேட்காததும் உன் விருப்பம். குரல் கொஞ்சம் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். அது கணக்கின் குறை, அவருடையது அல்ல.

யாவோர்


ரூசே
அக்டோபர் 10

யாவோர்,

கேட்டேன். டிப்போ அலுவலகத்துக் கணினியில், எல்லோரும் சாப்பிடப் போனபிறகு. முதல் தடவை "புரொபசர்" என்ற இடத்திலேயே நிறுத்திவிட்டேன். அப்புறம் முழுதாகக் கேட்டேன். அப்புறம் எண்ணவில்லை. மாமியாரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதைப் போடச் சொல்லி என்னை உயிரோடு விடமாட்டார்.

"சரி சரி, மூடிட்டேன்." அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏன் என்று எழுதுகிறேன். நான்கு மாதமாக யாரிடமும் சொல்லாதது. உன்னை ஏன் பார்க்க மறுத்தேன் என்பதும் இதுதான். கோபம் உன் மேல் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் அப்படித்தான் காட்டிக்கொண்டேன்.

மே 9 அன்று நீ நாலு மணி பஸ்ஸில் சோபியாவுக்குப் போய்விட்டாய். அவர் வேலை முடிந்து வந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். சொன்னார்: "உன் தம்பிகிட்ட மூணுன்னு சொன்னேன். வாயை மூடுன்னுட்டான். நாளைக்கு மேல போய் டைரக்டர்கிட்ட சொல்லிரவா?"

நான் சொன்னேன்: "வேண்டாங்க. அவனுக்கு முதல் வேலை. நீங்க போய் தப்புன்னு சொன்னா அங்கயே அவன் பேரு கெட்டுரும். தப்புன்னு சொன்னா தாங்கமாட்டான் அவன்."

அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே யோசித்தார். "அதுக்கு மூணு உடைஞ்சா?" என்றார்.

"நீங்கதான் இருக்கீங்களே, பாத்துக்கமாட்டீங்களா?" என்றேன்.

"சரி," என்றார். "மூடிட்டேன்."

அதே இரண்டு வார்த்தை. அதே மாதிரிதான் சொன்னார், கொஞ்சம் சிரித்துக்கொண்டு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஷிப்டிலும் மூன்றின் பக்கத்தில் போய் நின்றார். நாலைப் பிரித்ததும் இன்னும் அடிக்கடி. அந்தப் பிட்டர்கள் பார்த்தது அதைத்தான். ஜூன் 6 அன்றும் அதனால்தான் அங்கே நின்றார். நான் பார்த்துக்கொள்ளச் சொன்னேன், பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது சொல், யாருடைய பெயரை அந்தத் தாளிலிருந்து எடுத்திருக்க வேண்டும்?

26-ஆம் தேதி நானும் போக வேண்டும். வீட்டில் ஏதாவது சொன்னாரா என்று கேட்டால் என்ன சொல்வேன்? நடந்ததைச் சொன்னால் அவருக்குத் தெரிந்திருந்தது, மேலே சொல்லவில்லை என்று அவர்கள் எழுதியது உறுதியாகிவிடும். சொல்லாவிட்டால் நான் என்ன மனுஷி?

நீ என்ன செய்யப்போகிறாய் என்று எழுது. மழுப்பாமல் எழுது, உனக்கு அது ஒன்றுதான் ஒழுங்காக வரும்.

அக்கா


சோபியா
அக்டோபர் 17, செவ்வாய், காலை 9 மணி

அக்கா,

நேற்று உன் கடிதம் வந்தது. பதில் எழுத ஒரு நாள் எடுத்துக்கொண்டேன், எனக்கு அது வழக்கமில்லை.

தப்பு என்று சொன்னால் தாங்கமாட்டேன் என்று அவரிடம் சொன்னாய். சரியாகத்தான் சொன்னாய். மே மாதம் அவர் டைரக்டரிடம் போயிருந்தால், நான் என் சிவப்புப் படத்தையும் நான்கு சதவீதத்தையும் தூக்கிக்கொண்டு வந்து அவரோடு சண்டை போட்டிருப்பேன். ஜெயித்தும் இருப்பேன், என்னிடம் படம் இருந்தது, அவரிடம் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. உன் வீட்டு மேஜையில் நீங்கள் இரண்டு பேரும் அப்படிப் பேச வேண்டி வந்ததே நான் அப்படிப்பட்ட ஆள் என்பதால்தான். அதையும் என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை, எனக்குத் தேற்றத் தெரியாது. நடந்த வரிசை அப்படி.

ஆய்வகத்தில் என் தலைவரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்: "தம்பி, 'இந்த முறைக்குச் சில வரம்புகள் உண்டு'ன்னு சொல்லு. அது உண்மைதானே? 'நான் தப்பு பண்ணேன்'னு எதுக்குச் சொல்ற? அதுக்கப்புறம் உனக்கு யார் வேலை குடுப்பா?" அவர் கெட்டவர் இல்லை. சொன்னதும் பொய் இல்லை. ஆனால் சட்டம் ஒரு பக்கம் பார்த்து நின்றால் இரண்டு பக்கமும் கேட்கும் என்பது இரண்டாம் வருஷப் பாடம். நான் அதில் நல்ல மதிப்பெண் வாங்கியவன்.

மேஜையில் பேசியதைச் சொல்லலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்காதே. உன் வாயில் நான் வார்த்தை வைக்க மாட்டேன். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்: குழு எழுதியது "யாருக்கும் தெரிவிக்கவில்லை" என்று. அது பொய். அந்த ஹாலில் அளக்க வந்த இன்ஜினியருக்கு, அளந்துகொண்டிருந்த நேரத்தில், அவர் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் அவர் செய்ய வேண்டியது ஏதாவது பாக்கி இருந்தது என்றால், அது நான் காது கொடுத்திருந்தால் பாக்கி இருந்திருக்காது. இதை நிரூபிக்க நான் ஒருவன் போதும். நீ வேறு ஏதாவது சொன்னாலும், சொல்லாவிட்டாலும், இது மாறாது.

என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டாய்:

1. 25-ஆம் தேதி காலை ரயிலில் ரூசேக்கு வருகிறேன். உன் வீட்டுக்கு வரவில்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே அறை எடுத்திருக்கிறேன்.

2. 26-ஆம் தேதி கூட்டம் தொடங்கியதும் என் அறிக்கையை எழுத்தில் திரும்பப் பெறுவேன். நாலாம் பம்ப் பற்றியதும், "வேறு எங்கும் கோளாறு இல்லை" என்பதும், இரண்டும். "வரம்பு" என்ற சொல்லைப் பயன்படுத்த மாட்டேன்.

3. ஏழையும் எட்டையும் சேர்த்த கணக்கை அவர்களிடம் கொடுப்பேன். என்னை நம்ப வேண்டாம், வேறு ஓர் ஆய்வகத்தில் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்வேன்.

4. அந்தப் பதினாலு வினாடியை அவர்கள் முன் ஒரே ஒரு முறை போடுவேன். அதற்கு முன் உன்னைப் பார்ப்பேன். நீ எழுந்து வெளியே போக நினைத்தால் நீ போகும்வரை காத்திருப்பேன். உன் மாமியார் வந்திருந்தால் அவருக்கும் அதேதான், ஆனால் அவர் போகமாட்டார் என்று நினைக்கிறேன்.

5. "இது உங்களிடம் சொன்னதா?" என்று கேட்பார்கள். "என்னிடம்தான். நான் விரலை உதட்டில் வைத்தேன்" என்பேன். பதிவில் அது தெரியாது. அதனால் நான்தான் சொல்ல வேண்டும்.

6. குறிப்பிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டு, அவர் தெரிவித்தார், யாருக்கு, எந்தத் தேதியில், எந்த நேரத்தில் என்று எழுதும்படி கேட்பேன். எழுதும்வரை அந்த அறையை விட்டு எழுந்திருக்க மாட்டேன். அவரைப் பற்றி இனி யாராவது படித்தால் அதைப் படிக்கட்டும்.

7. முடிந்ததும் கட்டடத்து வாசலில் நிற்பேன். நீ எந்தப் பக்கம் நடந்தாலும் பின்னால் வர மாட்டேன். கூப்பிட வேண்டும் என்று தோன்றினால் கூப்பிடு. சத்தமாகக் கூப்பிட வேண்டாம். கேட்டுக்கொண்டுதான் நிற்பேன்.

யாவோர்